அந்தப் பட்டியலில் நாம் எங்கே? 1801 பிரகடனத்தை மாணவர்களோடு வாசித்தல்

பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் பாடநூலில் திருச்சிராப்பள்ளிப் பிரகடனம் பற்றி ஒரு பத்தி உண்டு. 1801 ஜூன் மாதம் மருது சகோதரர்கள் வெளியிட்டது. திருச்சிக் கோட்டையில் நவாப்பின் அரண்மனைச் சுவரிலும் ஸ்ரீரங்கம் கோயில் சுவரிலும் ஒட்டப்பட்டது. வட்டாரம், சாதி, சமயம் கடந்து ஆங்கிலேயருக்கு எதிராக இந்தியர்களை ஒன்றுசேர அழைத்த முதல் குரல் அதுதான். பத்தியின் சாரம் இவ்வளவே. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தோழர்களுக்கு இது மனப்பாடம்.

பிரகடனத்தின் வாசகத்தையே எடுத்து வாசித்தால், அது யாரை அழைக்கிறது என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். ஜம்புத் தீவில் வாழும் எல்லாச் சாதியாருக்கும் என்று பொதுவாகச் சொல்கிறது. அடுத்து அந்த 'எல்லா' என்பதை விரித்து எண்ணுகிறது: பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முசல்மான்கள். பட்டியல் அதோடு முடிந்துவிடுகிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் நாங்கள் நடத்தும் மாலைநேர வகுப்புகளில் பாளையக்காரர் போரைப் பாடமாக எடுத்துக்கொள்வதற்கு இந்தப் பட்டியல்தான் காரணம். போர் நடந்தது நம் வீட்டு வாசலில். மருதுவின் சிவகங்கைச் சீமை திருமயத்துக்குத் தெற்கே கைக்கெட்டும் தூரம். கட்டபொம்மன் பிடிபட்டது நம் மாவட்டத்தின் திருக்களம்பூர்ப் பக்கத்துக் காட்டில். ஆனாலும் நம் பிள்ளைகள் இந்தப் போரைச் சினிமா வழியாகவும் பாடநூலின் இரண்டு பத்திகள் வழியாகவும் மட்டுமே அறிந்திருக்கிறார்கள். முதல்நிலைச் சான்று, இரண்டாம் நிலைச் சான்று என்று ஒரு மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் குறைவு.

வைத்துப் பார்த்த அன்று, கல்லூரி முதலாண்டு படிக்கும் ஒரு தங்கை கேட்டார்: "அக்கா, அப்ப நம்ம ஆளுங்க?"

அந்தக் கேள்விக்கு உடனே ஒரு பதில் சொல்லிக் கைதட்டு வாங்குவது எளிது. "மருதுவும் சாதிவெறியர்தான், பார்த்தீர்களா" என்று முடித்துவிடலாம். நாங்கள் அப்படிச் செய்யவில்லை. பாடநூல் ஆவணத்துக்கு மேல் ஒரு பொருளை ஏற்றி வைத்தது போல, நாமும் வேறொரு பொருளை ஏற்றி வைத்ததாக ஆகிவிடும். முதலில் அந்தத் தாள் எப்படி நம் கைக்கு வந்தது என்று பார்க்க வேண்டும். சுவரில் ஒட்டிய தமிழ் ஓலையையோ தாளையோ நாம் வாசிக்கவில்லை. ஆய்வாளர்கள் எடுத்தாளும் வாசகம் கும்பெனி ஆவணங்களுக்குள் இருக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு. பேராசிரியர் கே. ராஜய்யன் 1971இல் வெளியிட்ட தென்னிந்தியக் கிளர்ச்சி பற்றிய நூலின் வழியாகத்தான் அது பரவலாகத் தெரிய வந்தது. முகநூலில் சுற்றும் தமிழ் வாசகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து திரும்பவும் தமிழுக்கு வந்தவை. மூலத்தில் வெள்ளையரைத் திட்டிய சொல் என்ன, சாதியைக் குறித்த சொல் என்ன என்பதெல்லாம் ஒரு மொழிபெயர்ப்பாளரின் கையைத் தாண்டி வந்திருக்கிறது. அவர் கும்பெனிக்காக மொழிபெயர்த்தவர் என்பதையும் மறக்கக் கூடாது.

அடுத்து, அந்தப் பட்டியல் அக்காலத்து எழுத்து மரபு. நால்வருணத்தைச் சொல்லிவிட்டால் ஊரையே சொல்லியாயிற்று என்பது எழுதத் தெரிந்தவர்களின் வழக்கம். அதனால் மருது யாரையும் திட்டமிட்டு நீக்கினார் என்று இந்த ஒரு வரியை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அதே வரியை வைத்து, சாதி கடந்த அழைப்பு என்றும் சொல்ல முடியாது. நால்வருணத்துக்கு வெளியே வைக்கப்பட்டவர்களை எண்ணாமலேயே 'எல்லாரும்' என்று சொல்ல முடிந்த ஒரு சமூகம் அது. இதைச் சொல்ல ஆவணம் இடம் தருகிறது. இதற்கு மேல் தரவில்லை.

இன்னும் கொஞ்சம் கீழே வாசித்தால் விஷயம் கூடுதலாகத் துலங்குகிறது. பாளையங்களிலும் ஊர்களிலும் மீசை வைத்தவர்கள், கும்பெனியிடம் வேலை பார்க்கும் சுபேதார், அவில்தார், நாயக், சிப்பாய்கள் எல்லாரும் ஆயுதம் எடுங்கள் என்கிறது பிரகடனம். மீசை என்பது இங்கே வெறும் ஆண்மை அடையாளம்தானா, அல்லது யார் மீசை வைத்துக்கொள்ளலாம் என்று ஊர் தீர்மானித்த காலத்துச் சொல்லா என்று வகுப்பில் நீண்ட நேரம் பேசினோம். முறுக்கு மீசை வைத்ததற்காக இந்தக் காலத்திலும் நம் இளைஞர்கள் அடிவாங்குகிறார்கள் என்பதால் அந்தப் பேச்சு சூடாகவே போனது. ஆனால் அதே வரியில் சிப்பாய்களையும் அழைத்திருக்கிறார்கள். கும்பெனியின் சென்னைப் படையில் பறையர் சமூகத்தார் கணிசமாக இருந்தார்கள். காடு வெட்டிப் பாதை போடும் பயனியர் படையிலும் இருந்தார்கள். ஆக, நால்வருணப் பட்டியலில் இல்லாதவர்கள் சிப்பாய்ப் பட்டியலுக்குள் வந்துவிடுகிறார்கள். எழுதியவர்கள் இதை நினைத்தார்களா என்பது வேறு.

பிரகடனம் கேட்கும் தீர்வு என்ன? வெள்ளையர் போக வேண்டும், பரம்பரை ஆட்சியாளர்கள் அவரவர் இடத்துக்குத் திரும்ப வேண்டும், பழைய வழக்கங்கள் கெடாமல் அவரவர் உரிமை அவரவர்க்குக் கிடைக்க வேண்டும். கும்பெனியின் சூழ்ச்சியில் நாட்டை இழந்தவர்களுக்கு இது நியாயமான கோரிக்கை. ஆனால் பண்ணையாளாகப் பிறந்து பண்ணையாளாகவே செத்துக்கொண்டிருந்த ஒருவருக்கு, பழைய வழக்கம் திரும்புவது என்றால் என்ன பொருள்? பாடநூலின் பத்தி இந்தக் கேள்வியை எழுப்பவே விடுவதில்லை. தாளை நேரில் வாசித்தால் அது தானாக எழுகிறது.

முதல்நிலைச் சான்று என்றாலே அது உண்மை, மற்றதெல்லாம் கட்டுக்கதை என்று மாணவர்கள் சீக்கிரம் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அதை உடைக்க, கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட மேஜர் பானர்மேனின் கடிதம் நல்ல பாடம். 1799 அக்டோபர் 17 தேதியிட்டு அவர் சென்னை அரசுக்கு எழுதினார். கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரத்தில் அக்கடிதம் இருக்கிறது. கால்டுவெல்லின் நூல் இரண்டாம் நிலைச் சான்று. அதன் வயிற்றுக்குள் ஒரு முதல்நிலைச் சான்று. தூக்கிலிட்ட நாள் 16 என்று சில நூல்களிலும் 17 என்று சில நூல்களிலும் வருகிறதே, எது சரி என்று மாணவர்கள் கேட்பார்கள். 17ஆம் தேதிக் கடிதம் விசாரணையை 'நேற்று' நடந்தது என்கிறது. கடிதத் தேதியையும் நிகழ்ச்சித் தேதியையும் பிரித்துப் பார்த்தாலே குழப்பம் எங்கிருந்து வந்திருக்கக்கூடும் என்று புரியும்.

விசாரணையில் கட்டபொம்மன் அஞ்சாமல், அலட்சியமாக நின்றார், எட்டயபுரத்தாரை வெறுப்போடு பார்த்தார் என்று பானர்மேன் எழுதுகிறார். தூக்கிலிட்டவனே இப்படி எழுதுவதால் அதை நம்பலாம். எதிரியைப் புகழ்வதில் அவனுக்கு லாபமில்லை. ஆனால் அதே கடிதத்தில், கோட்டையைவிட்டு வெளியேறியதற்காகவும், ஊமையான தம்பியை நினைத்தும் கட்டபொம்மன் கடைசி நேரத்தில் வருந்தினார் என்ற செய்தியும் வருகிறது. அது தனக்குச் சொல்லப்பட்டது என்றுதான் பானர்மேன் குறிப்பிடுகிறார். ஒரே கடிதம், ஒரே பக்கம். முதல் பாதி கண்ணால் கண்டது, அடுத்த பாதி காதால் கேட்டது. மாணவர்களிடம் இரண்டு நிறப் பேனாக்களைக் கொடுத்து, கண்டதையும் கேட்டதையும் தனித்தனியாகக் கோடிடச் சொல்வோம். இந்த ஒரு பயிற்சியே பாதிப் படிப்பு.

நேரில் கண்டவர் எழுதியது எதுவுமே கட்டபொம்மனுக்கும் ஜாக்சனுக்கும் நடந்ததாக நாம் மனப்பாடமாகச் சொல்லும் அந்த வசனத்தில் இல்லை. 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் இருவரும் சந்தித்தது உண்மை, கைகலப்பானது உண்மை, கும்பெனியே விசாரணைக் குழு வைத்துக் கலெக்டர் ஜாக்சனை நீக்கியது உண்மை. வசனம் மட்டும் சக்தி கிருஷ்ணசாமியுடையது. இதைச் சொன்னால் பையன்களின் முகம் வாடிவிடுகிறது. என்ன செய்வது!

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இந்தக் கதையில் ஒரு கூச்சமும் உண்டு. கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது விஜயரகுநாதத் தொண்டைமான். மருது போரிலும் தொண்டைமான் கும்பெனி பக்கம். 1803இல் கீழாநிலைக் கோட்டையும் அதைச் சார்ந்த பகுதியும் அவருக்குக் கிடைத்தன. ஆண்டுக்கொரு யானை கப்பம் என்பது நிபந்தனை; அந்த யானையைக் கும்பெனி ஒருமுறையும் கேட்டு வாங்கவில்லை. சமஸ்தானத்தின் வரலாற்றை எஸ். ராதாகிருஷ்ண ஐயர் எழுதி, 1916இல் சமஸ்தானத்தின் அச்சகத்திலேயே அது வெளிவந்தது. அரண்மனைக் கல்லூரி முதல்வர் அரண்மனை அச்சகத்தில் வெளியிட்ட நூலில் நட்பு, விசுவாசம் என்ற சொற்கள் எங்கே வருகின்றன, எதைப் பற்றிப் பேசும்போது வருகின்றன என்று பார்க்கச் சொல்வோம். திரைப்படம் துரோகம் என்கிற இடத்தை அந்த நூல் எப்படிச் சொல்கிறது என்று வைத்துப் பார்ப்பதும் பயன் தரும்.

திருமயம் கோட்டைக்கு மாணவர்களைக் கூட்டிப்போனால் ஊர்க்காரர்கள் அதை 'ஊமையன் கோட்டை' என்றுதான் சொல்வார்கள். ஊமைத்துரை இங்கே ஒளிந்திருந்தார், இங்கேதான் சிறைப்பட்டார் என்று பல கதைகள். கோட்டையைக் கட்டியவர் சேதுபதி, 1687இல். ஊமைத்துரை பிடிபட்டது திண்டுக்கல் பக்கம். 1801 நவம்பர் 16 அன்று பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார். ஆகவே ஊர்க்கதை தவறு என்று அடித்துவிட்டுப் போய்விடலாமா? கூடாது என்பது எங்கள் கருத்து. தொண்டைமானின் மண்ணில், தொண்டைமான் எதிர்த்து நின்ற ஒருவரின் பெயரை ஒரு கோட்டைக்குச் சூட்டி இருநூறு ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். ஊமைத்துரை அங்கே இருந்தார் என்பதற்கு அது சான்றாகாது. இந்த ஊர் மக்கள் யாரை நினைவில் வைக்க விரும்பினார்கள் என்பதற்கு அது சான்று. அரண்மனை அச்சகத்தில் அச்சேறாத ஒரு கருத்து இப்படித்தான் தங்கியிருக்க முடியும்.

ஊமைத்துரையைப் பற்றி ஜேம்ஸ் வெல்ஷ் எழுதியதுதான் எங்கள் வகுப்பில் அதிகம் பேசப்படுவது. 1801 மே 24 அன்று பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தபோது கும்பெனிப் படையில் இருந்த அதிகாரி அவர். தன் நினைவுகளை 1830இல் நூலாக வெளியிட்டார். கோட்டை வீழ்ந்த பிறகு, மகனைத் தேடி ஒரு கிராமத்துப் பெண் பிணங்களுக்கிடையே வருகிறார். குற்றுயிராகக் கிடந்த மகன், என்னை விட்டுவிடு, பக்கத்தில் காயத்தோடு கிடக்கும் சாமியைக் காப்பாற்று என்கிறான். அந்தத் தாய் ஊமைத்துரையைத் தூக்கிச் செல்கிறார். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது, வெள்ளைத் துணி போர்த்தி, அம்மை கண்டு இறந்த பையனின் பிணம் என்று சொல்லிவிடுகிறார்கள். அம்மை என்றதும் வந்தவர்கள் ஓடிவிடுகிறார்கள்.

கேட்டவர்கள் எல்லாரும் கண் கலங்கும் கதை. வெல்ஷ் இதைப் பார்க்கவில்லை, கேள்விப்பட்டார். யார் சொல்லிக் கேட்டார்? எப்போது எழுதி வைத்தார்? நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையில் 29 ஆண்டுகள். அவர் எழுதியதைக் கால்டுவெல் எடுத்தாண்டார். பிறகு வந்தவர்கள் அங்கிருந்து எடுத்தார்கள். பத்து நூல்களில் இருப்பதால் பத்துச் சான்றுகள் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரே கிணற்றில் பத்துப் பேர் இறைத்த தண்ணீர் அது.

வெல்ஷின் பக்கங்களில் எந்தத் தளபதிக்கும் பெயர் உண்டு, பதவி உண்டு, படைப்பிரிவு உண்டு. தன் மகனை விட்டுவிட்டு ஊமைத்துரையைத் தூக்கிய அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை. சாதியும் இல்லை. அதனால்தான் இன்று ஒவ்வொரு சாதியும் அவரைத் தன்னுடையவர் என்கிறது. எங்கள் மாணவர்களில் இருவர் அவர் நம் சமூகத்துப் பெண்தான் என்று அடித்துப் பேசினார்கள். இருக்கலாம். நூலில் சொல்லப்படவில்லை என்றுதான் எழுத வேண்டும் என்றோம். பிடிக்கவில்லை அவர்களுக்கு. 'நம் பெயரை அவர்களே எழுதாமல் விட்டுவிட்டு, இப்போது ஆதாரம் கேட்கிறார்கள். நீங்களும் கேட்கிறீர்களா' என்ற கோபம் அது. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆதாரம் என்பதே எழுத்து கைவசம் இருந்தவர்களின் பொருள்.

சுந்தரலிங்கம் விஷயத்தில் இதை நாம் நேரடியாக அனுபவித்தோம். கட்டபொம்மனின் தளபதியாக இருந்து, கும்பெனியின் வெடிமருந்துக் கிடங்கை அழிக்கத் தன் உயிரையே கொடுத்தவர் என்று கவர்னகிரி வட்டாரமும் தேவேந்திரகுல வேளாளர் சமூகமும் வழிவழியாகச் சொல்லி வருகின்றன. அந்தப் பெயரைக் காப்பாற்றியது வாய்மொழி மரபு. 1997இல் விருதுநகரை மையமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைத் தமிழக அரசு சூட்டியபோது, அந்தப் பேருந்தில் ஏற மாட்டோம் என்றார்கள் ஆதிக்கச் சாதியினர். தென்மாவட்டங்கள் பற்றி எரிந்தன. உயிர்கள் போயின. கடைசியில் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களையுமே அரசு எடுத்துவிட்டது. கட்டபொம்மன், மருது பெயர்களுக்கு அதுவரை யாரும் ஆவணம் கேட்டதில்லை. நம் மாணவர்களில் பலர் பிறப்பதற்கு முன்பு நடந்தது இது. 1997ஆம் ஆண்டுச் செய்தித்தாள்கள் இப்போது அவர்களுக்கு முதல்நிலைச் சான்று. இரண்டு நாளிதழ்களை எடுத்து, ஒரே நாளின் செய்தியில் 'மோதல்' என்று எழுதியது எது, 'தாக்குதல்' என்று எழுதியது எது என்று பார்க்கச் சொல்லலாம்.

நமக்குச் சாதகமான சான்றையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். பீமா கோரேகான் தூணை எல்லாரும் அறிவோம். 1818 ஜனவரி 1 போரில் கும்பெனி தரப்பில் இறந்தவர்களாக அதில் பொறிக்கப்பட்ட 49 பெயர்களில் 22 மகர்களுடையவை. 'நாக்' என்று முடியும் அந்தப் பெயர்கள் கல்லில் இருப்பதால்தான் யாராலும் அழிக்க முடியவில்லை. 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அங்கே போனார். அதன்பிறகு அந்த நாளுக்கு வேறு உயிர் வந்தது. ஆனால் கல் பேசுவது கும்பெனியின் வெற்றியை. தீண்டாமையைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. 500 மகர்கள் 28,000 பேஷ்வா படையை வீழ்த்தினார்கள் என்று நாம் சுவரொட்டியில் போடுகிறோம். கும்பெனிப் படை சுமார் 800 பேர், கலப்புப் படை, கல்லிலேயே மராத்தியர் பெயர்களும் உண்டு. பேஷ்வாவின் படை முழுவதும் அன்று களத்தில் இறங்கவும் இல்லை. 2018இல் ஆனந்த் டெல்டும்டே இதை எழுதியபோது நம் தோழர்கள் பலருக்கு அவர் மேல் வருத்தம். எங்களுக்கும் படிக்கச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் மாணவர்களுக்குக் கொடுத்தோம். மகர்களின் வீரத்துக்குக் கல்லில் உள்ள 22 பெயர்களே போதும். பூனாவில் பேஷ்வா ஆட்சி நம் மக்களை நடத்திய விதத்துக்கு வேறு சான்றுகள் உண்டு. அந்தக் கல்லின் மேல் சொல்லாததை எழுதத் தேவையில்லை. அதே ராணுவம் 1890களில் மகர்களைச் சேர்ப்பதை நிறுத்திக்கொண்டது. திரும்பச் சேர்க்கக் கோரி அவர்களே மனு எழுத வேண்டியிருந்தது. அந்த மனுக்கள், நம் மக்கள் தாமே எழுதிய முதல்நிலைச் சான்றுகள்.

இதையெல்லாம் இவ்வளவு பொறுமையாகச் செய்ய வேண்டுமா என்று களத்தில் நிற்கும் இளம் தோழர்கள் கேட்பது உண்டு. நம் மாவட்டத்தில் வேங்கைவயல் இருக்கிறது. 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரிய வந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை, பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மூவரையே குற்றம் சாட்டியது. நூறு ஆண்டு கழித்து ஒரு மாணவர் ஆவணக் காப்பகத்தில் அந்தக் குற்றப்பத்திரிகையை எடுப்பார். முத்திரை இருக்கும், தேதி இருக்கும், கையெழுத்து இருக்கும். அன்று அந்தத் தண்ணீரைக் குடித்த குடும்பங்கள் என்ன சொன்னார்கள் என்பது பக்கத்தில் எழுத்தாக இருக்குமா? எங்கள் மாணவர்கள் ஊர்ப் பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்யும்போது, சொன்னவர் பெயர், நாள், இடம், அவர் கண்டதா கேட்டதா என்ற நான்கையும் தாளின் தலைப்பில் எழுதச் சொல்கிறோம்.

வீட்டிலிருந்தே தொடங்க விரும்பும் தோழர்களுக்கு: வெல்ஷ், கால்டுவெல் இருவரின் நூல்களும் காப்புரிமை முடிந்தவை; இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆங்கிலம் பழையது, முதல் பத்துப் பக்கம் கஷ்டமாக இருக்கும். ராஜய்யனின் நூலில் அடிக்குறிப்புகளைத் தவறாமல் பாருங்கள்; எந்த வரி எந்த ஆவணத்திலிருந்து வருகிறது என்று அவர் காட்டுகிறார். கும்பெனி ஆவணங்கள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். போகும் முன் பத்தாம் வகுப்புப் பாடநூலின் அந்தப் பத்தியை நகலெடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.